வன்னியில் வீட்டுக்கு எந்த இணைய இணைப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசுவமடுவில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் ஒரு சிறிய தொடர்பகம் வைத்திருக்கிறேன். பிரதி எடுக்கவும் விண்ணப்பம் நிரப்பவும் ரீலோட் போடவும் வருகிறவர்களில் பாதிப்பேர் இப்போது கேட்பது வீட்டு இணையத்தைப் பற்றித்தான். ஒரே பதிலை நாளுக்குப் பத்துத் தடவை சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே என் பதிலைப் போட்டிருக்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கு மாவட்டத்தாருக்கும் பெரும்பாலும் பொருந்தும். எந்தக் கம்பனியும் எனக்குத் தரகு தருவதில்லை.

எந்தக் கம்பனி நல்லது? ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். எனக்கு நல்லதாக இருப்பது உங்களுக்கு உதவாமல் போகலாம். கொழும்பில் இந்தக் கேள்விக்குப் பெயரால் பதில் சொல்ல முடியும். ஒரு தெருவுக்குள் எல்லோருடைய கேபிளும் ஓடும். இங்கே முதலில் கேட்க வேண்டியது, உங்கள் வளவு எந்தக் கம்பத்துக்கு, எந்த டவருக்குக் கிட்ட இருக்கிறது என்பதைத்தான்.

எங்கள் வீதியையே எடுத்துக்கொள்ளுங்கள். என் கடைக்கு பைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள், வந்துவிட்டது. கடைக்குப் பின்னால், வாய்க்கால் கரையோடு எழுநூறு மீற்றர் உள்ளே இருக்கும் அக்காவின் வீட்டுக்கு வரவில்லை. அந்த ஒழுங்கையில் கம்பமே நடப்படவில்லை. அவர் 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறார். அதே ரவுட்டரை, அதே சிம்மோடு, ஒரு நாள் கடைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். படம் நகரவில்லை. அக்காவின் வீட்டில் அது தடையில்லாமல் ஓடுகிறது, ஏனென்றால் டவருக்கும் அவருடைய முற்றத்துக்கும் நடுவில் வயல்வெளி மட்டும்தான். கடைக்கு முன்னால் இரண்டு மாடிக் கட்டடமும் ஒரு வரிசைத் தென்னையும் நிற்கின்றன. எழுநூறு மீற்றருக்குள் இவ்வளவு வித்தியாசம் என்றால், மல்லாவியில் இருக்கும் உங்கள் மச்சான் சிபாரிசு செய்த கம்பனி ஒட்டுசுட்டானில் என்ன செய்யும் என்று நான் எப்படிச் சொல்ல?

அப்படியானால் என்னென்ன வழிகள் இருக்கின்றன?

கண்ணாடி இழையில் வரும் பைபர், பழைய தொலைபேசிச் செப்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல், டவரிலிருந்து வரும் 4ஜி, வானத்திலிருந்து வரும் செய்மதி இணைப்பு. இந்த நான்குதான்.

கம்பனிப் பெயர்கள் நிறைய இருப்பது போலத் தோன்றும். உண்மையில் குறைந்துவிட்டன. டெலிகொம் என்று நாம் இன்னும் சொல்வதும் மொபிடெலும் 2021இலிருந்து எஸ்எல்டி-மொபிடெல் என்ற ஒரே பெயரில் இயங்குகின்றன. ஹட்ச் 2018இல் எடிசலாட்டை வாங்கியது. எயார்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. ஆகவே தரையில் நிற்கும் கைபேசி வலையமைப்புகள் மூன்று: எஸ்எல்டி-மொபிடெல், டயலொக், ஹட்ச். 2025 ஜூலையில் செய்மதி இணையம் தரும் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவை தொடங்கியது, அது நான்காவது. “எயார்டெல்தான் எங்கள் பக்கம் நல்லது” என்று ஐந்து வருடத்துக்கு முன் கேட்ட அறிவுரையை இன்னும் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு: அண்ணை, அந்தக் கடை பூட்டியாகிவிட்டது.

ஏடிஎஸ்எல் பற்றிச் சுருக்கமாக: தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் விழும். நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்கு 15 எம்பிபிஎஸ்ஸுக்கு (இணைய வேகத்தின் அலகு) மேல் வரலாம். நாலைந்து கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மூன்று வந்தாலே பெரிய காரியம். ஏற்கெனவே இருந்தால் வைத்திருங்கள். புதிதாகக் கேட்டுப் போகாதீர்கள்.

என் வீட்டுக்கு பைபர் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் அண்ணாந்து பாருங்கள். உங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் தொலைபேசிக் கம்பத்தில், மெல்லிய கறுப்புக் கேபிள் வந்து சேருகிற சிறிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தொங்குகிறதா? அதிலிருந்து பக்கத்து வீடுகளுக்கு இன்னும் மெல்லிய கேபிள்கள் பிரிந்து போகின்றனவா? இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

மீதிப் பாதியில்தான் ஆட்கள் விழுகிறார்கள். அந்தப் பெட்டியில் எண்ணிக்கையாகத்தான் துளைகள் இருக்கும். முன்னால் போனவர்கள் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டால், கேபிள் உங்கள் தலைக்கு மேல் ஓடினாலும் உங்களுக்கு இணைப்பு இல்லை. புதுப் பெட்டி போடும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது, பெட்டியிலிருந்து வீடு வரை எத்தனை மீற்றர்? இங்குள்ள வளவுகள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர். வீடு வளவின் அடியில் இருக்கும். இலவசமாக இழுத்துத் தரும் தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு. அதற்கு மேல் நடுவில் கம்பம் வேண்டும் என்பார்கள், அதற்குக் காசும் கேட்பார்கள்.

ஆகவே எஸ்எல்டி-மொபிடெலின் 1212க்கு அழைத்து “விசுவமடுவில் பைபர் இருக்கிறதா” என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போய், “இந்தக் கம்பத்துப் பெட்டியில் இடம் இருக்கிறதா, இங்கிருந்து நூற்று இருபது மீற்றர் வருமா” என்று கேளுங்கள். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே இணைப்பு இருந்தால் அவர்களுடைய தொலைபேசி இலக்கத்தையும் கொண்டு போங்கள். அதை வைத்து எந்தப் பெட்டி என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பைபர் வரும் என்றால் மேலே படிக்க வேண்டாம், போட்டுவிடுங்கள். மழைக்கும் மாலை நெரிசலுக்கும் அதுதான் நின்று பிடிக்கும்.

பைபர் இல்லை. 4ஜி எடுக்கப் போகிறேன். எந்த சிம்?

இதற்கு அரை நாள் செலவழியுங்கள். பிறகு இரண்டு வருடம் சபிக்க வேண்டியிருக்காது.

மூன்று வலையமைப்புக்கும் ஒவ்வொரு சிம் தேடுங்கள். வாங்க வேண்டாம், வீட்டில் தம்பியிடம் ஒன்று, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒன்று இருக்கும். மூன்றையும் ஒரே கைபேசியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். வேறு வேறு கைபேசியில் பார்த்தால் கைபேசியைத்தான் சோதிக்கிறீர்கள்.

மேலே தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். அண்ட்ரொய்ட் கைபேசியில் அமைப்புகளுக்குள் போய், கைபேசியைப் பற்றிய பகுதியில் சிம் நிலையைத் திறந்தால், சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில் கழித்தல் குறியோடு ஒரு எண்ணாகத் தெரியும். கழித்தல் குறியை விட்டுப் பார்த்தால் எண் சிறியதாக இருப்பதுதான் நல்லது. -85 என்றால் மிக நல்லது. -100 சமாளிக்கும். -110ஐத் தாண்டினால் அந்த இடத்தில் ரவுட்டர் வைக்காதீர்கள்.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வீட்டைச் சுற்றி நடவுங்கள். போன மாதம் தருமபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். விறாந்தையில் -112. சாமியறையில் -115. அந்த அம்மா, “இங்கே ஒன்றும் இழுக்காது தம்பி” என்று சொல்லிக்கொண்டே தேநீர் ஊற்றப் போனார். நான் கிணற்றடிக்குப் போனேன், -98. துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றேன், -93. வீட்டின் மேற்குச் சுவருக்கும் டவருக்கும் நடுவில் அடர்ந்த மாமரம் ஒன்று நின்றதுதான் காரணம். குசினிப் பக்கத்து யன்னல் மரத்தின் நிழலைத் தாண்டி டவரைப் பார்த்தது. அந்த யன்னல் விளிம்பில் ரவுட்டரை வைத்தோம். அடுப்புப் புகை படும் என்பதால் ஒரு அடி தள்ளி, மிளகாய்த்தூள் போத்தல் வைத்திருந்த தட்டில். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக நேரம். காலை பத்து மணிக்கு எடுத்த வேகச் சோதனையால் பயனில்லை. ஒரு டவரின் கொள்ளளவை அதன் கீழ் இருக்கும் அத்தனை வீடும் பங்கு போடுகின்றன. இரவு ஏழரைக்கும் பத்துக்கும் நடுவில் ஊரே நாடகம் பார்க்கும்போது சோதியுங்கள். ஸ்பீட்டெஸ்ட் செயலியில் பார்ப்பதோடு நிற்காமல், ஒரு யூடியூப் காணொளியையும் ஓடவிட்டுப் பாருங்கள். செயலி பெரும்பாலும் கொழும்பில் இருக்கும் சேவையகத்தோடுதான் பேசும். மழை பெய்யும் மாலை வாய்த்தால் இன்னும் நல்லது. நனைந்த இலை சிக்னலை மிகவும் குடிக்கும். வன்னியில் மார்கழி முழுவதும் இலை நனைந்துதான் இருக்கும்.

வெளியே அன்ரனா பூட்டினால் உதவுமா?

எல்லா வீட்டுக்கும் இல்லை. டவர் தூரமாக இருந்து, ஆனால் கூட்டமில்லாமல் இருந்தால் உதவும். டவர் பக்கத்தில் இருந்தும் இரவில் மட்டும் மெதுவாகிறது என்றால் பிரச்சினை நெரிசல். அதற்கு எந்த அன்ரனாவும் மருந்தில்லை. வாங்குவதற்கு முன் ரவுட்டரின் முதுகைப் பாருங்கள்: அன்ரனாக் கேபிள் பூட்டும் துளை இரண்டு இருக்கிறதா? இல்லாத ரவுட்டருக்கு அன்ரனா வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் மாதம் ஒருவராவது உண்டு. கேபிள் குட்டையாக இருக்கட்டும். இருபது மீற்றர் மலிவுக் கேபிள், கம்பத்தில் பிடித்த சிக்னலில் பெரும்பகுதியைக் கீழே வருவதற்குள் தின்றுவிடும். உயரக் குழாயில் பூட்டினால் இடி மின்னலை அழைத்து விருந்து வைக்கிறீர்கள். அதைப் பற்றிக் கீழே இருக்கிறது.

எத்தனை ஜிபி பக்கேஜ் எடுப்பது? அன்லிமிட்டட் எடுத்தால் கவலையில்லையா?

தெளிவான எச்டி காணொளி ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 3 ஜிபி இழுக்கும். தரத்தைக் குறைத்துப் பார்த்தால் 1 ஜிபிக்குள் முடியும். 40 ஜிபி பக்கேஜில் எச்டி பார்த்தால் மாதத்துக்குப் பதின்மூன்று மணித்தியாலம்; நாளுக்கு அரை மணிகூட இல்லை. இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். தொலைக்காட்சியில் யூடியூப் ஓடும் வீடும், பிள்ளை சூமில் வகுப்புப் பார்க்கும் வீடும் ஒன்றல்ல.

அன்லிமிட்டட் பக்கேஜுகள் 2021இல்தான் இங்கே பரவலாக வந்தன. பெயரில் எல்லை இல்லை. சிறிய எழுத்தில் உண்டு. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகத்தைக் கட்டிவிடுவார்கள். அந்த அளவு என்ன, கட்டிய பிறகு எத்தனை எம்பிபிஎஸ் வரும் என்ற இரண்டையும் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விற்பவர் இரண்டாவது கேள்விக்கு இருமினால் புரிந்துகொள்ளுங்கள்.

பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்துத் தரும் பக்கேஜைப் பலர் ஏமாற்று வேலை என்கிறார்கள். நள்ளிரவுக்கும் காலைக்கும் இடையில் யார் பார்ப்பது என்பது அவர்கள் வாதம். நம் வீடுகளுக்கு அது முழு உண்மையல்ல. ரொறன்ரோவில் மகன் வேலை முடிந்து சாப்பிட்டு இரவு ஒன்பதுக்கு அழைத்தால், இங்கே குளிர்காலத்தில் காலை ஏழரை, கோடையில் ஆறரை. இரவு டேட்டா காலை எட்டு வரை என்றால் பேரப்பிள்ளையின் முகம் பார்ப்பது முழுவதும் அந்தக் கணக்கில் போய்விடும். லண்டன், பாரிஸ்காரருக்கு இது சரிவராது. அவர்களுடைய நண்பகல் நமக்கு மாலை. கனடாவில் பிள்ளை இருக்கிறதா, பிரான்சில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நான் பக்கேஜ் சொல்வேன். சிலர் ஏன் கேட்கிறான் என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

விளம்பரத்தில் ஒரு விலை, பில்லில் வேறு விலை. ஏன்?

வரி. விளம்பரத் தொகை பெரும்பாலும் வரிக்கு முந்தியது. பெறுமதி சேர் வரி மட்டும் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். அதற்கு மேலும் வேறு அறவீடுகள் உண்டு. “எல்லா வரியும் சேர்த்து மாதம் எவ்வளவு கட்டுவேன்” என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள், வேறு பேச்சு வேண்டாம். முதல் மாதத்தில் இணைப்புக் கட்டணம், ரவுட்டர், வைப்புப் பணம் எல்லாம் சேர்ந்து வரும். அதையும் தனியாகக் கேளுங்கள்.

100 எம்பிபிஎஸ் என்றார்கள். தரவிறக்கும்போது 12தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, இது அலகுக் குழப்பம். கம்பனி பிட்டில் சொல்கிறது, கணினி பைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் ஒரு பைட். 100ஐ எட்டால் பிரித்தால் பன்னிரண்டரை. நீங்கள் கட்டிய காசுக்கு வேகம் சரியாகவே வருகிறது.

பதிவேற்ற வேகத்தை யாரும் கேட்பதில்லை. வீட்டிலிருந்து வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்பவரும் இணையத்தில் பாடம் நடத்தும் ஆசிரியரும் முதலில் கேட்க வேண்டியது அதுதான். வீடியோ அழைப்பில் உங்கள் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் குற்றம் பதிவேற்றத்தில்.

மின்சாரம் போனால் இணையமும் போகிறது. என்ன செய்யலாம்?

2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த காலத்தை யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதற்கு நாடு முழுவதும் இருண்டது. அவ்வளவு வேண்டாம், இங்கே மரக்கிளை விழுந்தாலே போதும்.

பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. அதற்கென்று செங்கல் அளவில் மினி யூபிஎஸ் என்ற மின்கலப் பெட்டி விற்கிறார்கள். 10 வாட் இழுக்கும் ரவுட்டரை 30 வாட்-மணி மின்கலம் இரண்டரை மணித்தியாலம் அளவில் தாங்கும். பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல் வாட்-மணியைக் கேளுங்கள். ரவுட்டர் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அம்பியரும் யூபிஎஸ்ஸோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒத்துப்போகாமல் பூட்டி ரவுட்டரைப் பொசுக்கியவர்களை அறிவேன்.

இதிலும் பைபர் ஒரு படி மேல். கம்பத்துப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம்; கண்ணாடி இழை வெளிச்சத்தைப் பிரித்துத் தருவதோடு அதன் வேலை முடிந்தது. தொலைபேசி நிலையத்தில் ஜெனரேற்றர் ஓடும்வரை உங்களுக்கு இணையம் இருக்கும். டவருக்கும் மின்கலம் உண்டு. ஆனால் நீண்ட மின்வெட்டில் அது தீர்ந்தால் உங்கள் யூபிஎஸ் விழித்திருந்தும் பயனில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது இரண்டு பக்கமும் அடி விழுந்தது: கேபிளும் அறுந்தது, டவரும் படுத்தது. அப்படியான நாளுக்கு எந்த வீட்டு இணைப்பும் உத்தரவாதமில்லை. வீட்டில் 4ஜி ஒரு கம்பனி, கைபேசி சிம் வேறு கம்பனி என்று வைத்திருப்பது மட்டும் புத்தி.

இடி மின்னலுக்கு என்ன பாதுகாப்பு?

2019 ஐப்பசியில் ஒரு பின்னேரம். கடையில் அப்போது செப்புக் கம்பி இணைப்பு. வானம் கறுத்ததும் கணினியின் மின் செருகியைக் கழற்றினேன். தொலைபேசிக் கம்பியை மறந்துவிட்டேன். சத்தம் வானத்தில் கேட்கவில்லை, மேசைக்குள் கேட்டது. ரவுட்டரின் மூடி ஒரு பக்கம் எழும்பியிருந்தது. அதிலிருந்து வலைக் கேபிள் வழியாகப் போய்க் கணினியின் தாய்ப்பலகையும் கருகியது. கம்பனியிடம் போனேன், பெயர் வேண்டாம். இயற்கை அனர்த்தத்துக்குப் பொறுப்பில்லை, புது ரவுட்டருக்கு இவ்வளவு என்று பற்றுச்சீட்டு நீட்டினார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. நான் படிக்கவில்லை, அது ஆங்கிலத்தில் இருந்தது.

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்து இடியைச் சும்மா எண்ண வேண்டாம். செருகியையும் கழற்றுங்கள், சுவரிலிருந்து வரும் கம்பியையும் கழற்றுங்கள். பைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கேபிளில், இழுவையைத் தாங்க ஒரு உருக்குக் கம்பி ஒட்டியிருக்கும். அதை வீட்டுச் சுவரின் வெளியே கொக்கியில் கட்டி அங்கேயே வெட்டிவிட வேண்டும். உள்ளே கண்ணாடி இழை மட்டும் வர வேண்டும். பூட்ட வருகிற தம்பி அவசரத்தில் அப்படியே உள்ளே இழுத்தால் நிறுத்திக் கேளுங்கள். வெளி அன்ரனா வைத்திருப்பவர்கள் குழாயை, நிலத்தில் இறக்கிய செப்புக் கோலோடு கம்பியால் இணையுங்கள், அதையும் தெரிந்த மின் தொழிலாளியைக் கொண்டு செய்வியுங்கள்.

ஸ்டார்லிங்க் எடுக்கலாமா?

காட்டோரத்தில், கைபேசியே கூரைமேல் ஏறினால்தான் பேசும் இடத்தில் இருந்தால், எடுக்கலாம். பழைய செய்மதி இணையம் 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும். பேசினால் பதில் வர நேரமெடுக்கும். ஸ்டார்லிங்க் செய்மதிகள் 550 கிலோமீற்றர் அளவில் சுற்றுகின்றன, அதனால் வீடியோ அழைப்பும் தடங்கலில்லாமல் ஓடும்.

காசுதான் பேச்சு. தொடங்கியபோது கருவிக்கு மட்டும் ஒரு இலட்சம் ரூபாவைத் தாண்டியது, மாதக் கட்டணமும் ஐந்து இலக்கம். ஒரு வீடு தனியாகத் தூக்கும் சுமையல்ல. பண்ணை, விடுதி, பாடசாலை போன்ற இடங்களுக்குச் சரி. பனங்கூடலுக்குள் இருக்கும் வீட்டுக்காரர்கள் முதலில் வானத்தைப் பாருங்கள்: தட்டுக்கு மேலே திறந்த வானம் வேண்டும், ஒரு பனை மட்டை மறைத்தாலும் நிமிடத்துக்கொரு தடவை அறும். சாதாரணத் தட்டு 75 முதல் 100 வாட் வரை இழுக்கும் என்பதால் மேலே சொன்ன செங்கல் யூபிஎஸ் இதற்கு ஆகாது.

பக்கத்து வீட்டோடு பங்கு போடலாமா?

ஒப்பந்தங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. இன்னொன்று, அந்த இணைப்பில் யார் எதைச் செய்தாலும் பதிவில் இருப்பது உங்கள் அடையாள அட்டை. அக்கா தங்கை வீடு என்றால் உங்கள் விருப்பம்.

வாடகை வீட்டில் இருக்கிறேன். எதைக் கவனிப்பது?

குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் எத்தனை மாதம், இடையில் நிறுத்தினால் தண்டம் எவ்வளவு, ரவுட்டர் உங்களுடையதா கம்பனியுடையதா. இடமாற்றம் வரும் ஆசிரியர்களும் தாதியர்களும் இந்த மூன்றையும் கேளாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். 4ஜி வீட்டு இணைப்பு என்றால் இன்னொரு கேள்வி: சிம் ஒரு இடத்தோடு கட்டப்பட்டதா? சில பக்கேஜுகளில் அப்படித்தான். முள்ளியவளையில் பதிந்த ரவுட்டரைத் துணுக்காய்க்குக் கொண்டு போனால் வேலை செய்யாது. கம்பனிக்குச் சொல்லி மாற்ற வேண்டும். படிவம் தமிழில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள், கேளாமல் தர மாட்டார்கள்.

ரவுட்டர் விறாந்தையில் நன்றாக ஓடுகிறது, அறைக்குள் வரவில்லை.

கம்பனியைத் திட்ட முன் சுவரைப் பாருங்கள். 550 சதுர அடி வீட்டுத் திட்ட வீடு என்றால் நடு அறையில், தலை உயரத்துக்கு மேல் வைத்தால் ஒரு ரவுட்டர் தாராளம். ரவுட்டர் இரண்டு அலைவரிசை தரும்: 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் தாண்டாது, 2.4 மெதுவானது, தாண்டும். அறைக்குள் இருப்பவர்கள் 2.4இல் சேருங்கள். இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வரவில்லை என்று சொல்கிறவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

பழுதானால் வருகிறார்களா?

இதைத்தான் இணைப்பு எடுக்க முன் கேட்டிருக்க வேண்டும். விலையும் வேகமும் கம்பனிகளுக்குள் பெரிதாக வேறுபடுவதில்லை. அறுந்த கேபிளை ஒட்ட எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்பதில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதுவும் பகுதிக்குப் பகுதி மாறும். கம்பனியிடம் கேட்டால் இருபத்துநான்கு மணித்தியாலம் என்பார்கள். உங்கள் ஒழுங்கையில் ஏற்கெனவே இணைப்பு வைத்திருப்பவரிடம் கேளுங்கள்: கடைசியாக எப்போது அறுந்தது, எந்தக் கிழமை சொன்னீர்கள், எந்தக் கிழமை வந்தார்கள்? மூன்று வீட்டில் இதைக் கேட்டால் வேறு ஆலோசனை தேவையில்லை.

அழைக்கும்போது முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கித் திகதியோடு எழுதி வையுங்கள். இணைப்பு இல்லாத நாட்களுக்குக் கழிவு கேட்கவும் அது வேண்டும். கிழமைக் கணக்கில் இழுத்தடித்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் முறையிடலாம். அவர்களுடைய இலக்கம் 1900. முதலில் கம்பனியிடம் சொன்னதற்கு ஆதாரம் கேட்பார்கள் என்பதால், அந்த இலக்கத்தை எழுதிய தாளை எறிந்துவிட வேண்டாம்.

அணில் கடித்தால் யார் பொறுப்பு?

சிரிக்கிறார்கள், ஆனால் கடையில் இதுவும் மாதாந்தக் கேள்விதான். வெளிக் கேபிளை அணில் கடிக்கும், குரங்கு ஊஞ்சலாடும், யானை கம்பத்தில் முதுகு தேய்க்கும். கம்பத்திலிருந்து உங்கள் சுவர் வரை பெரும்பாலும் கம்பனியின் வேலை; சுவருக்கு உள்ளே உங்களுடையது. வேலியோர முருங்கையிலும் பூவரசிலும் கேபிளைச் சாய்த்துக் கட்ட விடாதீர்கள், அதுதான் அணிலுக்கு வீதி. சுவருக்குள் நுழையும் துளையைச் சிலிக்கன் பசையால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மழைக்கு ஒதுங்கும் எறும்பு அந்த வழியாகச் சுவரிலிருக்கும் பைபர் பெட்டிக்குள் குடிபுகும். அங்கே சூடாக இருக்கும். சென்ற மாரியில் நான் திறந்த ஒரு பெட்டிக்குள் முட்டையோடு ஒரு குடும்பமே இருந்தது. தூரிகையால் தட்டி, மூடிவிட்டேன். இணைப்பு வந்துவிட்டது.